மடக்காத மலிவு விலைக் கத்தி: புதுப்பிப்பு

இந்த 2.5 மி.மீ. கார்பன் எஃகுக் கத்தி, காய்ந்த கட்டையைச் செதுக்கினால் வாய் மடங்குகிறது, எஃகு மட்டம் என்று முன்பு எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். குறை எஃகில் இல்லை, தீட்டிய கோணத்தில்.

இதன் அலகு ஸ்காண்டி எனப்படும் ஸ்காண்டிநேவிய வகை. இரு சரிவும் நேராக வந்து வாயில் சேரும். பக்கத்துக்கு 11, 12 பாகைதான். செதுக்க அருமை, கணுவில் பட்டால் தாங்காது. 1000 கிரிட் (நுண்மை அளவு) சாணைக்கல்லில் சரிவை முழுக்கப் படியவைத்துத் தீட்டுங்கள். மறுபக்கம் பிசிறு விரலில் தட்டுப்பட்டதும் திருப்புங்கள். கடைசியில் கத்தியின் முதுகைச் சற்றே தூக்கி, பக்கத்துக்கு 15 பாகையில், அழுத்தாமல் நான்கைந்து இழுப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் மயிரிழைக் கோடு ஒன்று மின்னும், அது போதும். மிச்சப் பிசிறைத் தீட்டும் தோல்வாரில் தேய்த்து எடுத்துவிடுங்கள். இப்போது அதே கட்டையில் வாய் மடங்கவில்லை.

கத்தி முதுகால் தீக்கோலை (உரசினால் தீப்பொறி தரும் உலோகக் கோல்) உரசியும் பொறி வராததற்குக் காரணம், முதுகின் விளிம்பு உருண்டிருப்பது. அரத்தால் 90 பாகைக்குச் சதுரமாக்கினால் சரியாகும்.

துரு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஈரத்தோடு உறையில் போட்டால் ஒரே இரவில் புள்ளி விழும். துடைத்து எண்ணெய் தடவுங்கள்.

கத்தி முதுகில் கட்டையால் தட்டி விறகு பிளப்பதென்றால் கவனம், எஃகு கைப்பிடிக்குள் பாதிவரைதான் போகிறது. மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் வேண்டாம், கணு இருந்தால் தொடவே வேண்டாம்.