பந்தல் கால் எதில் போட்டீர்கள், எத்தனை வருஷம் நின்றது? அனுபவத்தைச் சொல்லுங்கள்

புளியரைத் தோட்டம்

ஆனிச் சாரலில் எங்கள் புடலைப் பந்தல் விழுந்துவிட்டது. பெரிய காற்றுகூட இல்லை. செங்கோட்டைக் கணவாய்க் காற்றுக்குப் பழகின ஊர் எங்களுடையது, அன்றைக்கு அதில் பாதிதான் அடித்தது. நாலும் தேக்குக் கால். மச்சான் தோப்பில் நெருக்கம் குறைக்க வெட்டிய இளந்தேக்கு, போட்டு மூன்று வருஷம் ஆகவில்லை. தேக்கு என்றால் பேரன் காலம் வரை நிற்கும் என்று நினைத்திருந்தேன்.

விடிந்ததும் போய் ஒரு காலைத் தூக்கினேன். பட்டை அப்படியே இருக்கிறது. மண்மட்டத்தில் முறிந்த இடத்துக்குப் பக்கத்தில் பெருவிரலை வைத்தேன், அழுகின பப்பாளியில் இறங்குகிற மாதிரி நகம் வரைக்கும் உள்ளே போனது. உள்ளே ஈரமண், வெள்ளை வெள்ளையாகச் செல், கரையான்தான். ஒரு சாண் மேலே வெட்டினால் அரிவாள் தெறிக்கிறது. மூன்று காலும் ஒரே இடத்தில், மண்மட்டத்தில் முறிந்திருந்தன. அது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. உங்களுக்கு எப்படி?

கம்பம் மேற்கு

எங்கள் பக்கம் யாரும் பந்தலுக்கு மரம் போடுவதில்லை அண்ணாச்சி. கல்கால்தான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை பெரும்பாலும் கல்கால் பந்தலில்தான் படர்ந்து கிடக்கிறது. ஒரு தோட்டத்தை அழித்தபோது எட்டடிக் கல் ஆறு வாங்கிவந்து வீட்டுக்குப் பின்னால் கோவைக்கும் பீர்க்கைக்கும் ஊன்றினேன்.

என் கதை வேறு. கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கிறேன், மூலைக்கல் ‘டப்’ என்று நடுவில் ஒடிந்தது. மேல்பாதி விழுந்த இடத்தில் இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் என் மகள் உட்கார்ந்து கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இப்போதும் அந்தச் சத்தம் கேட்டால் உடம்பு உதறும். கல் எவ்வளவு பாரத்தையும் தாங்கும், பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. மூலைக்கல்லுக்கு வெளிப்பக்கம் இழுவைக் கம்பி கட்டி, அதன் முனையில் ஒரு கல்லைப் புதைத்திருக்க வேண்டும். நான் சோம்பலில் விட்டுவிட்டேன். ஒடிந்த முகத்தில் வெள்ளைக் கோடு ஒன்று குறுக்கே ஓடியது. பிறகு வந்த கல்தச்சர் சுத்தியலால் தட்டிக் காட்டினார்: நல்ல கல் கணீரென்கிறது, விரிசல் உள்ளது சொத்தென்கிறது. வாங்குமுன் தட்டிப் பாருங்கள்.

குழித்துறை ஆற்றங்கரை

எங்களுக்கு மூங்கில்தான் சுலபமாகக் கிடைக்கும். பச்சை மூங்கிலை வெட்டின வாரமே கட்டிவிட்டேன். ஒரு மாதம் போயிருக்கும், தினம் காலையில் கறிவேப்பிலைத் தொட்டியின் இலைமேல் அரிசிமாவு தூவின மாதிரி இருக்கும். யாரோ கோலப்பொடி சிந்துகிறார்கள் என்று துடைத்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் கரண்ட் போன இரவில் மூங்கிலில் காதை வைத்தேன். கருக் கருக் என்று உள்ளே கடிக்கிற சத்தம். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உளுத்தது மூங்கிலுக்குள் இருக்கிற மாவுச்சத்தால். வண்டு அதைத் தேடித்தான் துளைக்கிறது. இரண்டாம் தடவை, மூன்று வயது தாண்டின மூங்கிலை மழை ஓய்ந்த பிறகு வெட்டி, ஓடுகிற தண்ணீரில் மூன்று வாரம் கிடத்தினோம். எடுக்கும்போது நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் மாவு கொட்டவில்லை.

கொழிஞ்சாம்பாறை வீடு

கல், மூங்கில் எல்லாம் மண்தரைக்குச் சரி. மாடியில் கல்காலை எங்கே ஊன்றுவது? பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் என் நிழல்வலை ஆடி மாதம் கிழிந்து பக்கத்து வீட்டு வேப்பமரத்தில் தொங்கியது, அவ்வளவுதான் என் கதை. இதில் நிறையக் கற்றுக்கொண்டேன், அதைச் சொல்கிறேன்.

ஜி.ஐ. பைப்பில், அதாவது துத்தநாகம் பூசின இரும்புக் குழாயில் போடுங்கள். ஆனால் பைப்பில் பெயின்டால் போட்டிருக்கும் பட்டையின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் பட்டை மெல்லியது, நீலம் நடுத்தரம், சிவப்பு கனம். ஒரு இன்ச் பைப்பில் நீலப்பட்டை 3.2 மில்லிமீட்டர் கனம் வரும், பந்தலுக்கு அது போதும். கடைக்காரர் ‘எல்லாம் ஒன்றுதான் சார்’ என்பார். ஒன்றில்லை. அப்புறம் வெல்டிங். பைப் துருப்பிடிக்காமல் இருப்பதே மேலே உள்ள துத்தநாகப் பூச்சால். பற்றவைக்கிற இடத்தில் அந்தப் பூச்சு எரிந்து போகிறது. வெல்டர் அதன்மேல் சில்வர் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார், அது பார்வைக்கு மட்டும். கசடைச் சுரண்டிவிட்டு, துத்தநாகம் அதிகம் உள்ள பிரைமரை அடிக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று அடிக்க வையுங்கள். பைப்பின் மேல்வாயை மூடி போட்டு அடைக்காவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே நின்று, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து தின்னும். நிழல்வலையை ஓரத்தில் நேராகக் கம்பியில் கட்டாதீர்கள். கயிற்றை வலைக்குள் கோத்து, அந்தக் கயிற்றைக் கட்டுங்கள். கட்டுகளும் அடிக்கடி இருக்கட்டும். காற்று ஒரே கண்ணியில் இழுத்தால்தான் வலை கிழிகிறது.

குழித்துறைக்காரருக்கு ஒன்று: தண்ணீரில் ஊறவைத்ததோடு நிறுத்தாமல் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலிலும் ஊறவையுங்கள்.

குழித்துறை ஆற்றங்கரை

வெட்டவெளிப் பந்தலுக்கு அந்த மருந்து எங்கே நிற்கும்? மழையில் கரைந்து வெளியே வந்துவிடும். கூரைக்குக் கீழே இருக்கிற மூங்கிலுக்குத்தான் அது. எங்களுக்கு வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதியிலும் மழை, ஐப்பசித் துலாத்திலும் மழை. உங்கள் ஊர்க் கணக்கு இங்கே செல்லாது.

தென்மலை வழி

பாத்திக்கு ஓரக்கட்டை பற்றி யாரும் பேசவில்லையே. செங்கோட்டை – புனலூர் மீட்டர்கேஜ் பாதையை 2010-ல் நிறுத்தின பிறகு ஒரு பழைய மரக்கடையில் ரயில் ஸ்லீப்பர் கட்டைகள் கிடைத்தன. எந்தப் பாதையில் கிடந்தவை என்று நான் கேட்கவில்லை. இரும்பு மாதிரிக் கட்டை, செல் அண்டாது என்றார்கள், அண்டவும் இல்லை. நாலு கட்டையைச் சதுரமாக அடுக்கி உள்ளே அரைக்கீரை விதைத்தேன்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் கீரை பறித்துக்கொண்டிருந்தபோது முழங்கையில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டியது. அன்று சாப்பிட உட்கார்ந்த மருமகள் கையைக்கூட வைக்கவில்லை. “அத்தை, கீரையில் ஏன் ரயில்வே ஸ்டேஷன் வாசம் அடிக்குது?” என்று கேட்டாள். அவள் அப்போது ஏழு மாதம்.

அந்தக் கட்டையில் ஊறியிருப்பது நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் கிரியோசோட். செல்லை விரட்டுவதும் அதுதான், கீரைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாததும் அதுதான். மேல்மண்ணோடு சேர்த்து எல்லாவற்றையும் அகற்றிவிட்டு வெட்டுக்கல் அடுக்கினேன். எத்தனை வருஷம் நிற்கும் என்று கேட்கிறீர்களே, எதனால் நிற்கிறது என்றும் கேளுங்கள் தம்பி.

குமுளி ஏலத்தோட்டம்

செத்த மரத்தை ஊன்றினால் செல் வரத்தான் செய்யும். எங்கள் மிளகு மாதிரி உயிர்மரத்தில் ஏற்றுங்கள். ஆனால் கல்யாண முருங்கை என்கிற முருக்கை மட்டும் நம்ப வேண்டாம். 2005-ல் கேரளாவுக்குள் வந்த ஒரு சின்னக் குளவி இலை, தண்டு எல்லாவற்றிலும் கட்டிகட்டியாக வீங்க வைத்தது. என் அப்பா வைத்த முருக்குகள் கொடியோடு சாய்ந்தன, அவர் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போது கிளைரிசிடியா என்கிற சீமை அகத்திதான். வருஷம் இரண்டு தடவை கிளையைக் கழிக்க வேண்டும், கழித்த தழை உரம்.

அது சரி, புளியரை அண்ணாச்சி, மூன்று கால் முறிந்தது என்கிறீர்கள். நாலாவது ஏன் நின்றது?

புளியரைத் தோட்டம்

நீங்கள் கேட்ட பிறகுதான் தோண்டிப் பார்க்கப் போனேன். தோண்டவே வேண்டியிருக்கவில்லை, அந்தக் கால் மண்ணுக்குள்ளேயே இல்லை. அந்த மூலையில் அம்மா காலத்துத் துவைகல் கிடக்கிறது. அன்று குழி வெட்டக் கடப்பாரை இறங்காமல் போக, காலை அந்தக் கல்மேலே நிறுத்தி, பக்கத்துச் சுவர் வளையத்தில் கம்பியால் இறுக்கியிருக்கிறேன். அதே தேக்கு, அதே தோப்பு, வைரம் பாயாத அதே இளமரம். அடியைத் திருப்பிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. ஆணியால் குத்தினேன், இறங்கவில்லை.

மற்ற மூன்றும் முறிந்தது சரியாக மண் முடிந்து காற்று தொடங்குகிற இடத்தில். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கிற இடம் அதுதானே. இத்தனை நாள் மரத்தையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று மூலைக்கும் ஒன்றரை அடிக் கல் துண்டு போதும் என்று தோன்றுகிறது. அரை அடி மண்ணுக்கு மேலே நிற்கட்டும், மேலே இரும்புப் பட்டை பதித்து அதில் மரத்தைப் போல்ட் போட்டுவிடலாம். இழுவைக் கம்பியும் கட்டுகிறேன், கம்பம் அண்ணன் சொன்ன பிறகு அதை விட மாட்டேன். நாளைக்குக் கல் பார்க்கப் போகிறேன். சுத்தியலை இப்போதே வண்டியில் வைத்துவிட்டேன்.