1275 மினியில் இன்ஜெக்‌ஷன்: 2, 3 பிளக் மட்டும் ஏன் கருக்குது?

கேள்வி: பழைய மினி கார், 1275 சிசி ஏ-சீரிஸ் இன்ஜின். எஸ்யூ கார்புரேட்டரைக் கழற்றிட்டு, இன்லெட் போர்ட்டுக்கு (காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள்ள போற வழி) ஒண்ணுன்னு, பெட்ரோலைத் தெளிக்கிற ரெண்டு இன்ஜெக்டர் போட்டாச்சு. புகையை வச்சு காற்று-பெட்ரோல் விகிதம் காட்டுற லாம்டா மீட்டர், சரியான அளவான 14.7 காட்டுது. ஆனா 2, 3 சிலிண்டரோட ஸ்பார்க் பிளக்கில் கரி. 1, 4 வெள்ளை வெளேர்னு இருக்கு. எங்கே தப்பு?

பதில்: ஹெட்டோட அமைப்பே அப்படிங்க. 1-2க்கு ஒரே இன்லெட் போர்ட், 3-4க்கு இன்னொண்ணு. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியுற வரிசை) 1-3-4-2. 2 இழுக்க ஆரம்பிச்சு, கிராங்க் 180 டிகிரி சுத்தினதும் 1 இழுக்க ஆரம்பிக்கும். அங்கிருந்து 2 மறுபடி இழுக்க 540 டிகிரி ஆகும்; 1 இழுத்து முடிச்ச பிறகு அந்தப் போர்ட் சும்மா கிடக்கும். அப்போ தெளிச்ச பெட்ரோல் போர்ட்டில் தேங்கி, முதலில் திறக்கிற 2க்கே போயிடும். 3-4லயும் இதே கதை. லாம்டா காட்டுறது சராசரிதான். அதை நம்பி லோடில் ஓட்டினா லீனா (பெட்ரோல் குறைவா) ஓடுற 1, 4 பிஸ்டன் உருகலாம். எந்த சிலிண்டர் இழுக்குதுன்னு காட்டுற கேம் சென்சார் போட்டு, சிலிண்டர் இழுக்கும்போது மட்டும் தெளிக்க வையுங்க. நேரம் குறைவுங்கிறதால பெரிய இன்ஜெக்டர் வேணும்.

பதில்: அவ்வளவு மெனக்கெடணுமா? த்ராட்டில் பாடியில் (காற்று உள்ளே வர்ற வால்வு) ஒரே இன்ஜெக்டர் போதும். மினியைத் தயாரிச்ச ரோவரே 90களின் முதல் பாதியில் அப்படித்தான் செஞ்சுது.

பதில்: பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ் இன்ஜெக்‌ஷனோட 3 பார் அழுத்தத்தைத் தாங்காது, மாத்திடுங்க. டேங்கில் தடுப்பு இல்லேன்னா வளைவில் பம்ப் காற்றை இழுக்கும். நடுவில் ஒரு சின்ன டேங்க் வையுங்க. பாசிட்டிவ் எர்த் வண்டியா (பேட்டரியோட பாசிட்டிவ் முனை பாடியில் சேர்ந்திருந்தா) இருந்தா, இன்ஜெக்டரை இயக்குற கம்ப்யூட்டரான ஈசியூ மாட்டுறதுக்கு முன்னாடியே நெகட்டிவுக்கு மாத்திடணும்.