டிபார்ஜ் இசைத்தட்டு: நடு ஓட்டைக்கு என்ன வழி?

நண்பர்களே, ஒரு உதவி. டிபார்ஜ் என்ற பாப் இசைக் குழுவின் 'ரிதம் ஆஃப் தி நைட்' சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டு), 1985 அமெரிக்கப் பதிப்பு, பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஒரு அக்காவும் நாலு தம்பிகளும் சேர்ந்த குழு. டயான் வாரன் எழுதிய இந்தப் பாட்டு அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டில் 3ஆம் இடம் வரை ஏறியது. தம்பிகளில் ஒருவரான எல் டிபார்ஜின் மெல்லிய உச்சக்குரலுக்காகவே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நடு ஓட்டை ஒன்றரை அங்குலம்! என் பிளேயரின் முளையோ கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். தட்டு தள்ளாடுகிறது, குரலும் போதையில் பாடுவதுபோல் இழுக்கிறது. அட்டை வெட்டிச் செருகிப் பார்த்தேன், சரிப்படவில்லை.

இதற்கான பிளாஸ்டிக் அடாப்டர் யாரிடமாவது உபரியாக இருக்கிறதா? தபால் செலவு என்னுடையது. அப்புறம், 3டி பிரிண்டரில் செய்துகொண்டவர்கள் இருந்தால் சரியான அளவைச் சொல்லுங்கள்.