லைன் அறுந்தால் 30 விநாடியா, 50 விநாடியா?

காட்பாடி_கேபிள்:
"லைன் அறுந்தால் எஸ்டிபி 30 விநாடியில் மாற்றுப் பாதையைத் திறந்துவிடும், எந்த நெட்வொர்க்கானாலும்" என்று நேற்று குடியாத்தம்_போர்ட் எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. (புதியவர்களுக்கு: எஸ்டிபி என்பது, கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பெட்டிகளுக்கிடையே தகவல் வட்டமடிக்காமல் இருக்க உபரி லைனை மூடிவைத்து, தேவைப்படும்போது திறக்கும் முறை.) 50 ஐயா, 50! பழைய தகவல் காலாவதியாக (மேக்ஸ் ஏஜ்) 20, திறக்குமுன் கவனிக்க (லிசனிங்) 15, முகவரிகளைக் கற்க (லேர்னிங்) 15. கூட்டிப் பாருங்கள்.

குடியாத்தம்_போர்ட்:
அறுந்தது நம் சுவிட்சின் சொந்த லைன் என்றால் அந்த 20 எங்கே வருகிறது? லைன் போனது உடனே தெரிந்துவிடும். 15ம் 15ம் 30.

காட்பாடி_கேபிள்:
எல்லா லைனும் உங்கள் கண்ணெதிரேதான் அறுபடுமா? இரண்டு சுவிட்ச் தள்ளி அறுந்தால், பழைய பிபிடியு (சுவிட்சுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் நிலைத் தகவல்) காலாவதியாகும்வரை 20 விநாடி சும்மா உட்கார்ந்திருக்கும். 50.

ராணிப்பேட்டை_ரூட்:
எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்? 1985ல் ரேடியா பெர்ல்மன் உருவாக்கிய எஸ்டிபியையே பிடித்துத் தொங்குகிறீர்களே. அதன் வேகமான வடிவம் ஆர்எஸ்டிபி 2001லேயே வந்துவிட்டது. 2 விநாடிக்கொருமுறை வரும் ஹலோ தகவல் மூன்று தவறினால், அதாவது 6 விநாடியில், விழித்துக்கொள்ளும்.

காட்பாடி_கேபிள்:
தம்பி, பேச்சு எஸ்டிபி பற்றி. போன வருடம் ஒரு தோல் கம்பெனியில் எல்லா சுவிட்சின் ப்ரயாரிட்டி எண்ணையும், வரும்போதே இருக்கும் 32768லேயே விட்டுவிட்டு வந்தது யார்? ப்ரயாரிட்டி சமமானதால், மேக் எண் (வன்பொருள் முகவரி) சிறியது என்று கிடங்கில் தூசி படிந்து கிடந்த பழைய சுவிட்ச் ரூட், அதாவது எல்லாவற்றுக்கும் தலைமை, ஆகிவிட்டது. நான்தான் போய் நல்ல சுவிட்சுக்குச் சிறிய எண்ணாக 4096 போட்டேன்.

ராணிப்பேட்டை_ரூட்:
அது எனக்கு முன்னால் போனவர் செய்தது. எத்தனை முறை சொல்வது?

ஆற்காடு_மக்கன்பேடா:
அண்ணா, ஒரு சந்தேகம். கடையில் 8 போர்ட் சாதாரண சுவிட்ச். பெருக்குகிற பையன், கீழே கிடந்த கேபிள் முனையை அதே சுவிட்சில் செருகிவிட்டான். எல்லா விளக்கும் ஒன்றாகப் படபடக்கிறது, பில் வரவில்லை. எத்தனை விநாடியில் சரியாகும்?

குடியாத்தம்_போர்ட்:
30.

காட்பாடி_கேபிள்:
அந்த மாதிரி சுவிட்சில் எஸ்டிபியே இருக்காது! ஈதர்நெட் ஃப்ரேமுக்கு (லைனில் போகும் தகவல் பொதிக்கு) டிடிஎல் என்ற ஆயுள் வரம்பு கிடையாது, கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கும் 30 என்கிறார் பாருங்கள். குடியாத்தத்தில் தறியில் நூல் அறுந்தாலும் 30 விநாடிதானோ?

குடியாத்தம்_போர்ட்:
கிண்டலுக்குச் சொன்னேன். ஊரில் ஜங்ஷன் இருந்தால் எல்லாப் பாதையும் தெரியும் என்று நினைப்பு.

ஆற்காடு_மக்கன்பேடா:
பிடுங்கிவிட்டேன். பில் வருகிறது. நன்றி அண்ணா.

காட்பாடி_கேபிள்:
நன்றி இருக்கட்டும். 30ஆ, 50ஆ? சொல்லிவிட்டுப் போங்கள்.