மதர்போர்டு மாற்றினால் பழைய விண்டோஸ் 10 அப்படியே இருக்குமா?

மன்னார்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் இடியில் மதர்போர்டு போய்விட்டது. லேன் போர்ட் பக்கம் கருகிக் கிடக்கிறது. விண்டோஸும் கோப்புகளும் இருக்கும் எஸ்எஸ்டி டிஸ்க் நன்றாக இருக்கிறது. எட்டு வருடம் சேர்த்த தமிழ் எழுத்துருக்கள், கல்யாணப் பத்திரிகை டிசைன்கள் எல்லாம் அதில்தான். ஃபார்மட் செய்யாமல் புது போர்டில் மாட்டலாமா அண்ணே?

பதில்: மாட்டலாம் தம்பி. முதலில் வேறு கணினியில் எஸ்எஸ்டியைச் செருகி டிசைன்களைக் காப்பி எடுத்துவிடுங்கள். முதல் தடவை ஆன் ஆக நேரம் பிடிக்கும், நடுவில் அணைக்காதீர்கள்.

பதில்: பழைய விண்டோஸ் லெகசி (பழைய பூட்) முறையில் போட்டதென்றால் புது போர்டின் பயாஸில் (கணினி ஆன் ஆகும்போது நுழையும் போர்டின் செட்டிங்கில்) சிஎஸ்எம் ஆன் செய்ய வேண்டும்; பழைய முறையில் பூட் ஆக விடுவது அதுதான். இது தெரியாமல் கும்பகோணத்தில் அரை நாள் மல்லாடினேன்.

கேட்டவர்: சிஎஸ்எம்தான் அண்ணே! ஓடுகிறது. விண்டோஸ் ஆக்டிவேஷன் (லைசென்ஸ் சரிபார்ப்பு) மட்டும் கேட்கிறது.

பதில்: லைசென்ஸ் பழைய போர்டோடு சேர்ந்தது. தனியாக வாங்கியதென்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, ஆக்டிவேஷன் ட்ரபிள்ஷூட்டரில் வன்பொருள் மாற்றியதாகச் சொல்லுங்கள். கணினியோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் என்றால் பெரும்பாலும் புதிதாக வாங்க வேண்டி வரும்.