மேடை விளக்குகளின் மின்னிணைப்பு உறுப்புகள்: ‘இணைப்பி’ என்ற ஒரே சொல் போதுமா?

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

மேடை ஒளியமைப்புச் சொற்பட்டியலில் பிளக், சாக்கெட், கனெக்டர் மூன்றையும் ‘இணைப்பி’ என்ற ஒரே சொல்லில் அடக்கலாம் என்னும் முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. பொதுச்சொல்லாக இணைப்பி இருக்கட்டும். அதற்குள் நான்கு உறுப்புகளுக்குத் தனிப்பெயர் வேண்டும். தொழிலகப் பயன்பாட்டுக்கான ஐ.இ.சி. 60309 என்ற பன்னாட்டு மின்பொருள் தரமும் அவற்றை நான்காகவே பிரிக்கிறது: சுவரிலோ பெட்டியிலோ பதிந்திருக்கும் துளையுறுப்பு, வடத்தின் (கேபிளின்) நுனியில் இருக்கும் துளையுறுப்பு, வடத்தின் நுனியில் இருக்கும் முள்ளுறுப்பு, கருவியின் உடலிலேயே பதிந்திருக்கும் முள்ளுறுப்பு.

இந்தப் பிரிவினை உயிரோடு தொடர்புடையது. மின்சாரம் வரும் பக்கம் எப்போதும் துளையாகவும், பெறும் பக்கம் முள்ளாகவும் இருக்க வேண்டும். மாறிப்போனால், விளக்குக் கம்பத்தின் மேல் இருட்டில் கைநீட்டி வடத்தைப் பிடுங்குபவரின் விரல், மின்னோட்டமுள்ள வெற்று முள்ளின் மேல் படும்.

ஆண், பெண் என்று பிரித்தால் போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் டிஎம்எக்ஸ்512 முறையின் கட்டுப்பாட்டு வடங்களில் வரும் எக்ஸ்எல்ஆர் என்ற வட்ட இணைப்பி வகையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆண் என்று சொல்லப்படுவதில் முட்களைச் சுற்றி உலோகக் கூடு இருக்கிறது. பெண் என்று சொல்லப்படுவதுதான் அந்தக் கூட்டுக்குள் நுழைகிறது. புதிதாகத் தொழிலுக்கு வருபவர் கூட்டைப் பார்த்துப் பெயரிட்டால் தலைகீழாகவே பெயரிடுவார். அதோடு, உறுப்பு வடத்தில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா என்பதை அந்தப் பெயர்கள் சொல்வதும் இல்லை.

ஆகவே முள்ளுறுப்புக்குச் செருகி, துளையுறுப்புக்கு வாய் என்ற இரண்டையும் அடிச்சொற்களாகக் கொண்டு, பதிந்திருப்பதற்கு ‘நிலை’ என்ற அடையைச் சேர்க்கலாம்: நிலைவாய், நிலைச்செருகி. வடத்தில் இருப்பவற்றை வடவாய், வடச்செருகி என்றால் வடதிசை நினைவுக்கு வருகிறது. அத்துச் சாரியை சேர்த்து வடத்துவாய், வடத்துச்செருகி என்று ஆக்கினால் அந்த மயக்கம் நீங்கிவிடும். நான்கும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதால், ஒன்றைக் கற்றவருக்கு மற்ற மூன்றும் தாமே விளங்கும்.

‘பின்’ (pin) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘முனை’ பொருந்தாது. அது மின்முனையோடு குழம்பும். ‘முள்’ நல்லது. எண்ணையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். 1986இல் அமெரிக்காவின் யுஎஸ்ஐடிடி என்ற அரங்கத் தொழில்நுட்ப அமைப்பு உருவாக்கிய டிஎம்எக்ஸ்512இன் இன்றைய தரம், எக்ஸ்எல்ஆர் பயன்படுத்தும் இடங்களில் ஐந்து முள்ளையே ஏற்கிறது. மூன்று முள்ளுக்கு அதில் இடமில்லை. ஆயினும் மலிவான விளக்குகள் பலவும் மூன்று முள்ளோடுதான் வருகின்றன. ஒலிவாங்கி வடமும் மூன்று முள்தான். அதில் ஒலிவாங்கியை இயக்குவதற்கான 48 வோல்ட் ஏறியிருக்கலாம் என்பதால், மாற்றிச் செருகினால் கருவி பழுதாகக்கூடும். ஐம்முள், மும்முள் என்று பெயரிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நாட்டு வழக்குகளுக்குக் குறிப்பும் தேவை. பிரிட்டன் அரங்குகளில் இன்றும் புழங்கும் 15 ஆம்பியர் உருண்டை மும்முள் செருகியும், நம் வீடுகளில் உள்ள பெரிய பவர் பிளக்கும் பிஎஸ் 546 என்ற பிரிட்டிஷ் தரத்தின் ஒரே மரபில் வந்தவை. பிரிட்டனின் வீட்டுச் செருகியில் இருக்கும் ஃபியூஸ் அந்த அரங்குச் செருகியில் இல்லை. காப்பு, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரின் பக்கத்தில் இருப்பதால், ஃபியூஸ் மாற்ற யாரும் ஏணி ஏற வேண்டியதில்லை. வட அமெரிக்க அரங்குகளிலோ மூன்று முள்ளும் ஒரே வரிசையில் நிற்கும் வேறொரு வகை உண்டு.

பவர்கான் போன்ற, இணைப்பிகளின் வணிகப் பெயர்களை ஒலிபெயர்த்தாலே போதும். வடத்துவாய் என்ற சொல்லுக்கு மறுப்பு இருந்தால், மாற்றுச் சொல்லோடு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.