உதவி தேவை: அப்பாவின் புதிய கைபேசியில் எஸ்.ஏ.ஆர். (உடல் உறிஞ்சும் அலை ஆற்றலின் அளவு) 1.19. மாற்ற வேண்டுமா?

கோத்தகிரி மகள்:
*#07# அழுத்தினால் தலைக்கு 1.19 வாட்/கிலோ என்று காட்டுகிறது. பழைய கைபேசியில் 0.6தான். வீடு தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. சிக்னல் ஒரு கோட்டைத் தாண்டுவதில்லை. அப்பா நெடுநேரம் பேசுவார், காது சுடுகிறது என்கிறார். கடைக்காரர் கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கரை ஒட்டச் சொல்கிறார். ஒட்டலாமா?

அலைவரிசை:
ஸ்டிக்கரை வாங்காதீர்கள். அது உண்மையிலேயே அலையைத் தடுத்தால், கோபுரத்தை எட்டக் கைபேசி இன்னும் அதிக ஆற்றலில் ஒலிபரப்பும். தடுக்காவிட்டால் பணம்தான் வீண்.

இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் வரம்பு 1.6 வாட்/கிலோ, ஒரு கிராம் திசுவின் சராசரியாக அளப்பது. ஐரோப்பாவில் 2.0, ஆனால் பத்து கிராமுக்கு. ஆகவே வெளிநாட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். 1.19 வரம்புக்குள் இருக்கிறது. அதுவும் ஆய்வகத்தில் முழு ஆற்றலில் ஓடவிட்டு எடுத்த உச்ச அளவு. நல்ல சிக்னலில் கைபேசி அதில் சிறு பங்கையே பயன்படுத்தும். உங்கள் வீட்டில் அப்படியில்லை. நான் கவலைப்படுவது அந்த ஒற்றைக் கோட்டைப் பற்றித்தான். காதில் உணரும் சூடு பெரும்பாலும் பேட்டரியும் உள்ளிருக்கும் சில்லுகளும் தருவது.

மருந்தாளுநர்:
புற்றுநோய் பயம் இருந்தால் ஒன்று சொல்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் இவ்வலைகளை 2பி பிரிவில் வைத்தது. "இருக்கக்கூடும்" என்ற அளவுக்கே சான்று, உறுதியானதல்ல. அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறதா? இருந்தால் கைபேசியைச் சட்டைப் பையில் வைக்கவே கூடாது. 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

கோத்தகிரி மகள்:
பேஸ்மேக்கர் இல்லை. வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறது. அது உதவுமா?

அலைவரிசை:
மிகவும் உதவும்! அமைப்புகளில் வைஃபை அழைப்பை இயக்குங்கள். தொலைவிலுள்ள கோபுரத்துக்குப் பதிலாகக் கூடத்தில் இருக்கும் ரூட்டரோடு பேசும். ஆற்றல் வெகுவாகக் குறையும், குரலும் தெளியும். நீண்ட உரையாடலுக்கு ஒயர் இயர்போன் அல்லது ஸ்பீக்கர். தலையிலிருந்து ஒரு சாண் தள்ளினாலே தலைக்குச் சேரும் ஆற்றல் பெருமளவு விழுந்துவிடும்.

கோத்தகிரி மகள்:
வைஃபை அழைப்பு வேலை செய்கிறது. குரல் அறுந்து போவதும் நின்றுவிட்டது. நன்றி. கைபேசியை மாற்றவில்லை.